பகலில் வந்த கோமாளி

சூளை வாசலை அடைத்திருந்த செங்கற்களைப் பிரித்து முடித்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். உள்ளேயிருந்து வந்த வெக்கை முகத்தில் அடித்தது. இரண்டு பேர் ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து உள்ளே போய், சுடுமண் பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தார்கள். முதல் பெட்டியைத் திறந்த பெண் தொழிலாளி "அய்யய்யோ" என்று வாயைப் பொத்தினாள். அடுத்த நொடி சிரித்துவிட்டாள்.

பெட்டிக்குள் பன்னிரண்டு கோமாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சாண் உயரம். கூம்புத் தொப்பி, கழுத்தைச் சுற்றி மடிப்பு வைத்த துணி, சிவப்பு மூக்கு, காதுவரை இழுத்த வாய். பன்னிரண்டு பேருக்கும் இடது புருவம் வலதைவிட ஏறியிருந்தது. மேல்வரிசைப் பல்லில் நடுவே ஓர் இடைவெளி. காதுகள் விரிந்திருந்தன.

"இது நம்ம கலியபெருமாள் அண்ணன்தான்!" என்றாள் அவள்.

எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ ஓடிப்போய், சூளையின் பின்பக்கம் நிலக்கரி அள்ளிக்கொண்டிருந்த கலியபெருமாளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அவர் ஒரு பொம்மையை எடுத்தார். சூடு ஆறவில்லை, கைக்குக் கை மாற்றினார். முகத்தைப் பார்க்கவில்லை. தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அடியில உங்க பேரப் போடலியா சார்?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், தன் வீட்டுக் கொலுவில் இன்றும் ஒரு கோமாளி பொம்மை இருப்பதாகவும், அதன் முகம் யாரைப் பார்த்துச் செய்தது என்றும் கேட்டு எழுதியிருக்கிறார். இதுவரை இப்படிக் கேட்டவர்களிடமெல்லாம், யாரையும் பார்த்து அல்ல, கற்பனைதான் என்று சொல்லிவந்தேன். அது பொய். இந்த வாரம் அதைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

கவிழ்த்துப் பார்க்கும் பழக்கம்

அறுபதுகளின் நடுவில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனிக்கு, மாதிரி வடிக்கும் பிரிவின் சூப்பர்வைசராக வந்தேன். எனக்குக் கும்பகோணம் பக்கம். சென்னையில் சிற்பமும் மண் வேலையும் படித்தவன். களிமண்ணில் மாதிரி செய்து, பிளாஸ்டரில் அச்சு எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதனால் ஊரில் எனக்கு 'அச்சு சார்' என்று பெயர்.

பீங்கான் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கே கப்பு, சாஸர், ஜாடி கையில் கிடைத்தாலும் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்போம். எந்த ஊர்ச் சரக்கு, எவ்வளவு சூட்டில் வெந்தது என்பது அங்கேதான் தெரியும். எனக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் அதிகம்.

கலியபெருமாள் சூளையில் நெருப்புப் போடுகிறவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஒல்லியான ஆள், நிற்கும்போது ஒரு காலில் சாய்ந்து நிற்பார். பங்குனி, சித்திரையில் சுற்றுவட்டாரத்தில் கூத்து நடந்தால் அவர்தான் கோமாளி.

நான் வந்த இரண்டாம் ஆண்டு, நல்லூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்குத் தொழிலாளிகள் என்னையும் கூட்டிப்போனார்கள். ராஜா வேஷக்காரர் கிரீடத்தோடு உட்கார்ந்திருக்கிறார். கோமாளி அவர் முன்னால் கைகட்டி நின்றுகொண்டு, கண்ணை மட்டும் கூட்டத்தின் மேல் ஓட்டினார். என்னைக் கண்டுகொண்டார்.

"ராஜாவே, நம்ம ஊருக்கு ஒரு அச்சு சார் வந்திருக்காரு. கேள்விப்பட்டீங்களா?"

"யாரடா அவன்?"

"அவன் இவன்னாதீங்க, படிச்சவரு. டீக்கடையில கப்ப குடுத்தா குடிக்க மாட்டாரு. கவுத்துப் பாப்பாரு. டீ இருக்குதா இல்லியான்னுகூடப் பாக்க மாட்டாரு. வேட்டியெல்லாம் டீ!"

கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது.

"போன மாசம் பொண்ணு பாக்கப் போனாரு. பக்கத்து வூட்டுல கடன் வாங்குன பீங்கான் கப்புல பொண்ணு காப்பி கொண்டாந்துச்சு. இவரு பொண்ண பாக்கல. கப்ப கவுத்துப் பாத்துட்டு, 'இது ராணிப்பேட்ட சரக்கு'ன்னாரு. பொண்ணோட அப்பன் இன்னா சொன்னான் தெரியுமா ராஜாவே? 'தம்பி, கப்புதான் ராணிப்பேட்ட. பொண்ணு உள்ளூருச் சரக்கு. அதக் கவுத்துலாம் பாக்கக் கூடாது'ன்னான்!"

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் சிரித்துச் சிரித்து என் முழங்காலைத் தட்டினார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விஷயம் என்னவென்றால், இரண்டு மாதத்துக்கு முன்புதான் மாயவரத்தில் ஒரு பெண் வீட்டார் என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். கம்பெனியில் யாருக்கும் அது தெரியாது. எப்படியோ தெரிந்துகொண்டு கலியபெருமாள் என்னை அவமானப்படுத்தினார் என்று முடிவு செய்தேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுவாரம் களிமண்ணை எடுத்து வைத்துக்கொண்டு அவர் முகத்தைச் செய்ய ஆரம்பித்தேன்.

சிரித்தவனும் சிரிக்கப்பட்டவனும்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். கோமாளிகளைப் பற்றிப் பிற்காலத்தில் நிறையப் படித்தேன். குற்றம் செய்தவன் சட்டப் புத்தகம் படிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வடமொழி நாடகங்களில் ராஜாவுக்கு ஒரு தோழன் இருப்பான். சாப்பாட்டுராமன், பயந்தாங்கொள்ளி. ஆனால் ராஜாவின் காதல் ரகசியம் அவனிடம்தான் இருக்கும். அவனை யாரும் கீழாக நினைத்ததாகத் தெரியவில்லை.

நம் கூத்தில் வருகிற கட்டியக்காரன், அதாவது கோமாளி, இன்னும் ஒரு படி மேல். ராஜா வருகிறார் என்று அறிவிப்பவன் அவன். அவன் சொல்லாமல் ராஜா உள்ளே வர முடியாது. கதைக்குள்ளும் நிற்பான், நம் பக்கமும் நிற்பான். ஊர்ப் பெரிய மனிதர், கடைக்காரர், சர்க்கார் உத்தியோகஸ்தர், யாரை வேண்டுமானாலும் பேர் சொல்லிக் கிண்டல் செய்ய அவனுக்கு அனுமதி உண்டு.

நாடகக் கம்பெனிகள் வந்தபோது அவன் பபூன் ஆனான். திரைக்கு முன்னால் வந்து பாட்டுப் பாடி, ஆர்மோனியக்காரரோடு வாதம் செய்வான். அப்போதும் பேச்சு அவனிடம்தான் இருந்தது.

சர்க்கஸ் வந்தபோது அவன் ஜோக்கர் ஆனான். விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பக்கத்து மைதானத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரம் போட்டபோது நானும் போயிருந்தேன். ஜோக்கர் ஒரு வார்த்தை பேசவில்லை. விழுந்தான், அடி வாங்கினான், தண்ணீரை மேலே கொட்டிக்கொண்டான். கூத்துக் கோமாளி மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தவன். இவன் பிறர் சிரிப்பதற்காக விழுபவன். அதே காலத்தில் அரசியல் மேடைகளில் எதிராளியைக் 'கோமாளி' என்று திட்டுவது சாதாரணமாகிவிட்டது. சினிமாச் சிரிப்பு நடிகர்கள் அடி வாங்கினால்தான் கொட்டகையில் விசில் வந்தது.

இப்போது இன்னும் மாறிவிட்டது. சில வருஷங்களுக்கு முன் என் பேரனின் நண்பன் பிறந்தநாளுக்கு வாடகைக்கு ஒரு கோமாளியைக் கூப்பிட்டிருந்தார்கள். என் பேரன் அலறிக்கொண்டு என் பின்னால் ஒளிந்தான். வெளிநாட்டுப் படங்களில் கோமாளி கத்தியோடு வருகிறானாம்.

நான் செய்த பொம்மைக்குக் கூத்துத் தொப்பி வைத்தேன். மூக்கும் கழுத்துத் துணியும் சர்க்கஸ் நோட்டீஸிலிருந்து எடுத்தேன். வாய் என் சொந்தக் கற்பனை: அகலமாகத் திறந்திருக்கும், ஆனால் எதுவும் பேசாது. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன்.

விடிந்த பிறகு

அந்தப் பக்கத்துக் கூத்துக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கூத்து முடிந்ததும் மற்றவர்கள் மெதுவாக வேஷத்தைக் கலைப்பார்கள். கோமாளி மட்டும் முதலில் கலைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்து, மணிமுத்தாற்றில் இறங்கி முகம் கழுவிவிட்டுத்தான் யாரோடும் பேசுவார். அதற்குப் பிறகு அடுத்த கூத்துவரை அவரைக் கோமாளி என்று யாரும் கூப்பிடக் கூடாது. சின்னப் பையன்கள் வாய் தவறிச் சொன்னால்கூடப் பெரியவர்கள் அதட்டுவார்கள். ராத்திரி அவர் சொன்னதற்கு யாரும் பகலில் அவரிடம் சண்டைக்குப் போகவும் கூடாது. இரண்டும் சேர்ந்த ஒப்பந்தம் அது.

சூளையில் சுட்ட நிறம் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் போகாது. இதைவிட எளிமையாக என் குற்றத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பொம்மை நன்றாக விற்றது. ஜங்ஷன் எதிரே இருந்த கடைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. ரயிலுக்கு நிற்பவர்கள் வாங்கிப்போனார்கள். கொலுவுக்குச் சென்னையிலிருந்து கேட்டு எழுதினார்கள். கலியபெருமாள் கடைத்தெருவில் சைக்கிளில் போனால் பையன்கள் பின்னாலேயே ஓடினார்கள்.

"பொம்ம போவுதுடா! டேய், பொம்ம சைக்கிள் வுடுது!"

முதலில் அவரும் புருவத்தைத் தூக்கிக் காட்டி அவர்களைச் சிரிக்க வைத்தார். பிறகு சைக்கிளைத் தெற்கு வீதி வழியாகச் சுற்றி ஓட்ட ஆரம்பித்தார்.

பாய் சொன்னது

கம்பெனி வாசலுக்கு எதிரே காதர் பாயின் டீக்கடை. ஒரு நாள் சாயங்காலம் அங்கே உட்கார்ந்திருந்தேன். பாய் என் கையில் கப்பைக் கொடுத்துவிட்டு, "கவுத்துராதீங்க தம்பி, டீ இருக்குது" என்றார்.

எனக்கு முகம் மாறியிருக்க வேண்டும்.

"இன்னா தம்பி, இன்னும் கோவமா? உங்களுக்கு வந்த மரியாத எனக்கு வரலியேன்னு நானே வருத்தத்துல இருக்கறேன்."

"மரியாதையா? ஊர் கூடியிருக்கும்போது மானத்தை வாங்குவது மரியாதையா பாய்?"

பாய் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "உங்களுக்கு யாரும் சொல்லலியா? கோமாளி வெளியூராளக் கிண்டல் பண்ண மாட்டான் தம்பி. நம்ம ஆளுன்னு எழுதிக்கிட்டாத்தான் பேரச் சொல்லிப் பேசுவான். எங்கப்பா காலத்துலேர்ந்து கடை வச்சிருக்கறேன். என்னைய மூணு வருசமா ஒரு வார்த்த சொல்லல. போன கூத்துக்கு நானே போயி, 'யோவ், என் டீயப் பத்தி ஏதாச்சும் சொல்லுய்யா'ன்னு கேட்டேன். 'இருங்க பாய், உங்க டீயில சொல்றாப்பல இன்னா இருக்குது'ன்னுட்டான்."

"அவருக்கு நான் மாயவரத்தில் பெண் பார்த்தது எப்படித் தெரிந்தது?"

"மாயவரமா? பொண்ணு பாக்கற கத எல்லாருக்கும் சொல்றதுதான். எனக்குத் தெரிஞ்சு நாலு பேருக்குச் சொல்லிட்டான். உங்களுக்குன்னு கப்ப மட்டும் சேத்துக்கிட்டான்."

டீயைக் குடித்து முடித்தேன். அதற்குள் பொம்மை நான்கு தடவை சூளை ஏறி இறங்கிவிட்டது. அச்சுகளை உடைத்துப் போட எனக்கு அதிகாரம் இருந்தது. தேய்ந்துவிட்டது என்று ஒரு சீட்டு எழுதினால் போதும். எழுதவில்லை. சென்னையில் ஒரு கண்காட்சியில் அந்தப் பொம்மையைப் பாராட்டி எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்திருந்தார்கள்.

மேனேஜர் அறை

அதற்கு அடுத்த ஆண்டு எங்கள் சூளை மேஸ்திரிக்குக் கண்ணில் புரை விழுந்தது. சூளை மேஸ்திரி என்பது பெரிய பொறுப்பு. சுவரில் இருக்கும் சின்னத் துளை வழியாக உள்ளே பார்த்து, நெருப்பின் நிறத்தை வைத்து, போதும் நிறுத்து என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் முந்தினால் சரக்கு வேகாது. கொஞ்சம் பிந்தினால் வளைந்துவிடும். பல மாதமாகக் கண் தெரியாத மேஸ்திரிக்குப் பதிலாகத் துளையில் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவர் கலியபெருமாள்தான். அவர் பார்த்த எந்தச் சூளையும் கெட்டதில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அவர் அந்த வேலைக்கு விண்ணப்பித்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார். கலியபெருமாளும் வந்து வெளியே வராந்தாவில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

மேனேஜர் மேசையில் காகிதங்கள் பறக்காமலிருக்க அந்தக் கோமாளி பொம்மையை வைத்திருந்தார். அதை விரலால் தட்டினார்.

"இவனையா மேஸ்திரியாப் போடச் சொல்றீங்க? நெருப்ப நிறுத்துடான்னு இவன் சொன்னா எவன் நிறுத்துவான்? எல்லாரும் சிரிப்பானுங்க. நீங்கதானே ஐயா செஞ்சீங்க இந்த மூஞ்சிய, நீங்களே சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். சூளைக்குள் பார்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே ஒரு வாக்கியம். மேனேஜர் கெட்டவர் அல்ல, சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். பாய் சொன்னதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. கோபம்கூட அப்போது இல்லை. மேனேஜர் சிரிக்கும்போது சிரிக்காமல் இருப்பது சங்கடமாக இருந்தது, அவ்வளவுதான்.

சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன்.

வெளியே வந்தபோது கலியபெருமாள் நேராக நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா சார் சொன்னாங்க?"

"பார்க்கலாம் என்றார்."

"சிரிப்புச் சத்தம் கேட்டுதே சார்."

"அது வேறு ஏதோ பேச்சு."

அவர் தலையாட்டினார். "சார், என் பொழப்புல பாதி சிரிப்புதான். எந்தச் சிரிப்பு எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். குரலில் கோபம் இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சூளைப் பக்கம் நடந்தார்.

வெளியூரிலிருந்து ஒருவரை மேஸ்திரியாகக் கொண்டுவந்தார்கள். அவர் பார்த்த முதல் சூளையில் பாதிச் சரக்கு வளைந்துபோயிற்று. அந்தப் பங்குனியில் கலியபெருமாள் வேஷம் கட்ட வரவில்லை. கூத்துக்காரர்கள் வீடு தேடிப் போய்க் கூப்பிட்டார்களாம். "பகல்லயே வேசம் போட்டாச்சுய்யா, ராத்திரிக்கு எதுக்கு?" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். இதைச் சொன்னவர் காதர் பாய். சொல்லிவிட்டு, வழக்கமாக என் கப்பைப் பற்றிச் செய்யும் கிண்டல் எதுவும் சேர்க்காமல் உள்ளே போய்விட்டார்.

சித்திரையில் கலியபெருமாள் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார்.

சேத்தியாத்தோப்பில்

ஏழெட்டு ஆண்டுகள் கழிந்திருக்கும். எழுபதுகளின் பின்பாதி. சிதம்பரம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். சேத்தியாத்தோப்பில் பஸ் நின்றது. டீ குடிக்க இறங்கினேன். கடை பெஞ்சில் கலியபெருமாள் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் காதில் பென்சில் செருகிய ஒருவர்.

"வாங்க சார்" என்று கலியபெருமாள் எழுந்தார். நேற்றுப் பார்த்தவரைக் கூப்பிடுவதுபோல இருந்தது.

பென்சில்காரர் அங்கிருந்த நெல் மில்லின் கணக்கர். கலியபெருமாள் அதே மில்லில் நெல் அவிக்கும் பாய்லரைப் பார்த்துக்கொள்கிறார் என்று அவர்தான் சொன்னார். நான் எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று விசாரித்தார். சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்படின்னா நீங்களே சொல்லுங்க சார். நம்மாளு அங்க சூளை மேஸ்திரியா இருந்தேன்னு சொல்லித்தான் இங்க சேந்தாரு. பாய்லர் ஆளுங்க நம்ப மாட்டேங்கறானுங்க. 'மேஸ்திரியா இருந்தவரு எதுக்குய்யா வுட்டுட்டு வராரு, சும்மா வுடறாரு'ங்கறானுங்க. மொதலாளிகூடப் போன வாரம் என்னைய விசாரிக்கச் சொன்னாரு. மெய்தானா சார்?"

கலியபெருமாள் என்னைப் பார்க்கவில்லை. டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெய்தான்" என்றேன். "எங்கள் சூளைக்கு அவர்தான் மேஸ்திரி. நான் அவருடன் வேலை பார்த்தவன். அவர் பார்த்த சூளை ஒன்றுகூடக் கெட்டதில்லை. உங்கள் முதலாளியிடம் என் பெயரைச் சொல்லுங்கள்."

"பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்" என்று கணக்கர் கலியபெருமாளின் தோளைத் தட்டினார். பொட்டலத்தில் மிக்சர் வாங்கித் தருகிறேன் என்று கடைக்குள் போனார்.

நாங்கள் இருவரும் நின்றோம். பஸ்ஸில் ஏறும்படி கண்டக்டர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கலியபெருமாள் என் பையை எடுத்துக்கொண்டு படிவரை வந்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. நல்லாத்தான் சொன்னீங்க. அன்னிக்கே சொல்லியிருந்தா, இது பொய்யா இருந்திருக்காது."

பையை என் கையில் கொடுத்தார். கண்டக்டர் விசில் ஊதினார். நான் ஏறிக்கொண்டேன்.